கொம்பையா தூக்கி வந்த கல்

அந்த ஜேசிபிக்காரன மொதல்ல எஞ்சினை அமத்தச் சொல்லுங்க. கமிட்டிக்காரங்க எல்லாரும் இப்படி வாங்க. பெரிய மனுசங்க உக்காருத மேடைக்கு இடைஞ்சலா இருக்குன்னு இந்தக் கல்லைப் பேத்து எடுக்கணுமாக்கும். எடுக்கலாம். அதுக்கு முன்ன இது யாரு வீட்டுக் கல்லு, எப்படி இங்கன வந்துச்சுன்னு கேட்டுட்டு எடுங்க. முப்பது வருசமா இந்தக் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுதவன் நான். நான் சொன்னா நீங்க கேக்கணும்.

பனையில ஆள் இருந்த காலம் அது. விடிஞ்சா ஒரு ஆம்பளை தரையில நிக்க மாட்டான், எல்லாரும் மரத்து மேலதான். அந்தக் காலத்துல, இதே செந்தட்டிவிளையில, கொம்பையான்னு ஒரு பனையேறி இருந்தாராம். நல்ல சடுகுடு ஆட்டக்காரரு. முட்டி பிசகுன பொறவு மரமும் போச்சு, ஆட்டமும் போச்சு. ஆனா கண்ணு போகல. எப்பேர்ப்பட்ட கண்ணுன்னு கேளுங்க.

கருப்பட்டி மண்டி முதலாளி பொன்னுலிங்கம் அப்போ ஒரு சடுகுடு செட்டு வச்சிருந்தாரு. ஆடுதவனுக்கு மாசச் சம்பளம், வருசத்துக்கு ரெண்டு வேட்டி. ஆட்டந்தான் அவனுக்குப் பொழப்பு. அந்தச் செட்டுக்குக் கொம்பையாவ வாத்தியாராப் போட்டாரு. கொம்பையா என்ன செய்வாராம்? ஆட்டத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாலயே, பனங்கிழங்கு வாங்குத ஆளு மாதிரி எதிராளி ஊருக்குப் போயிருவாராம். அங்கன ஆட்டக்காரன் பனை ஏறுதத அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பாராம். எந்தக் கால மொதல்ல மரத்துல வைக்கான், எறங்கும்போது எந்தப் பக்கம் சாயுதான், அவ்வளவுதான் பாப்பாரு. ஊருக்கு வந்து மணல்ல நம்ம பக்கம் ஏழு பனங்கொட்டை, அவன் பக்கம் ஏழு பனங்கொட்டை வைப்பாரு. "இவன் வலது கால் ஆளு. திரும்பும்போது இடது கரண்டைக்கால விட்டுட்டுத்தான் போவான். அதப் பிடிலே" ம்பாராம். சொன்னபடியே கரண்டை வந்து கையில விழுமாம்.

நம்ம செட்டுல பாடிப் போறவன் மாசானம். மூச்சு விடாமப் பாடிக்கிட்டே எதிராளி எல்லைக்குள்ள போயி, தொட்டுட்டுத் திரும்பி வாரவன். சடையன்விளை ஊரு செட்டை எதுத்து மொதக் கேடயத்துக்கு ஆடுன கடைசி ஆட்டம். நாலு பேரு அவன் நெஞ்சு மேல விழுந்தும் கைய நீட்டிக் கோட்டத் தொட்டுட்டான். தட்டுத் தடுமாறி எந்திரிச்சு வந்து, "அண்ணாச்சி, மூச்சு முட்டுது. முடியல" ன்னு சொன்னானாம். ரெண்டு பக்கமும் புள்ளி சமம். கொம்பையா மேசை மேல இருந்த கேடயத்தப் பாத்தாரு. மாசானம் மூஞ்சியப் பாக்கல.

"ஒரே ஒரு பாட்டு மக்கா. போயிட்டு வந்துரு."

போனான். தொட்டுட்டு வந்தான். கேடயமும் வந்துச்சு. முடியலன்னு ஒருத்தன் வாயத் தொறந்து சொன்ன பொறவு அவன அனுப்புனவரு, அவரு எவ்வளவு பெரிய வாத்தியாரா இருந்தா எனக்கென்ன?

அதுக்குப் பொறவு மாசானம் பனை ஏறல. ஏழு மாசம் அவன் வீட்டு வாசப்படிக் கல்லுல உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டே இருந்தானாம். காலைல பாத்தாலும் அங்கனதான், சாயங்காலம் பாத்தாலும் அங்கனதான். எட்டாம் மாசம் செத்துப் போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கொம்பையா அந்த வாசல்ல போயி நின்னாராம். மாசானம் பொண்டாட்டி தங்கபுஷ்பம் வெளிய வந்தா. அழல, கத்தல. கேள்விதான் கேட்டா.

"அண்ணாச்சி, அவரு முடியலன்னு சொன்னாரா?"

"சொன்னான்."

"உம்ம காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"விழுந்தும் அனுப்புனீரு."

அவ காலால அந்தப் படிக்கல்லைத் தட்டிக் காமிச்சாளாம். "இத எடுத்துக்கிட்டுப் போயிரும். தெனமும் இதத் தாண்டித்தான் நான் தண்ணிக்குப் போகணும். எனக்கு ஆகல. நீரு பாத்துக்கிட்டு இரும்."

ரெண்டு ஆளு தூக்குத கல்லு இது. கொம்பையா ஒத்தையாத் தோள்ல ஏத்துனாராம். பிசகுன முட்டியோட, பொதபொதன்னு கால் பொதையுத தேரி மணல்ல, நடு மத்தியானம் தூக்கிக்கிட்டு வந்தாராம். வழியில கைகுடுக்க வந்தவன எல்லாம் "போலே" ன்னுட்டாராம். கொண்டாந்து இந்தக் களத்து ஓரத்துல போட்டுட்டு, செட்டைக் கூப்பிட்டுச் சொன்னாரு.

"முடியாதவன் இதுல வந்து உக்காரணும். உக்காந்தவன ஆட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது. என்ன வலின்னு கேக்கக் கூடாது. முதலாளி கேக்கக் கூடாது, ஊரு கேக்கக் கூடாது. நான் கேட்டாலும் சொல்லாத."

முதலாளி சிரிச்சாராம். கேடயம் வந்துக்கிட்டே இருந்துச்சுல்லா, சிரிக்காம என்ன செய்வாரு? ரெண்டாவது வந்துச்சு, மூணாவது வந்துச்சு, ஆறு வந்துச்சு. ஆறு வருசம் கொம்பையா தெருவுல வந்தா ஊரே துண்ட இடுப்புல கட்டுச்சு. பிள்ளைகளுக்கெல்லாம் கொம்பையான்னு பேரு வச்சாவ.

ஏழாவது கேடயம். அதே சடையன்விளைக்காரன். ஆட்டம் பாக்க வெள்ளைக்காரத் துரை வந்திருக்கான், முதலாளி தலையில பட்டு உருமாலக் கட்டிக்கிட்டு அவன் பக்கத்துல உக்காந்திருக்காரு. இடைவேளைல நம்ம பக்கம் ரெண்டு புள்ளி கூட. மாத்தாளு ரெண்டு பேருல ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு, இன்னொருத்தன் ஏற்கெனவே உள்ள ஆடிக்கிட்டு இருக்கான். இனி எறக்க ஆளு இல்ல. நம்ம செட்டுல பெரிய பாட்டுக்காரன் அப்போ சித்திரை. அந்த நேரம் பாத்துச் சித்திரை பொடிநடையா நடந்து போயி, கல்லுல உக்காந்துட்டான்.

நொண்டல. ரத்தம் இல்ல. சும்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

ஊரு கத்துச்சு. "வெல போயிட்டான்லே. சடையன்விளைக்காரன் கிட்ட வித்துட்டான்லே." முதலாளி எந்திரிச்சு வந்தாரு.

"கொம்பையா, அவனுக்கு எங்க வலின்னு கேளு."

"கேக்க மாட்டேன் முதலாளி."

"துரை முன்னால என் மானத்த வாங்குதியா? என் சோத்தத் திங்குதவன், நான் சொல்லுதேன், கேளுலே."

கொம்பையாவுக்கு மனசுக்குள்ள என்னன்னு நெனைக்கீங்க? பெருந்தன்மை பொங்குச்சுன்னா? மண்ணு. முந்தின நாள் சந்தையில சித்திரை சடையன்விளை ஆளோட தனியா நின்னு பேசுனத அவரே கண்ணால பாத்திருக்காரு. அவருக்கும் சந்தேகந்தான். அவன் கழுத்தப் பிடிச்சு இழுத்துப் போடணும்னு ரெண்டு எட்டு வச்சுட்டாராம். அப்போ கல்லைப் பாத்தாரு. அந்தக் கல்லுல மாசானம் மூச்சு வாங்குன ஏழு மாசத்தப் பாத்தாரு. நாலு ஆளு சித்திரையத் தூக்க வந்தாவ. கொம்பையா குறுக்க நின்னாரு.

"இது நம்பிக்கைக்குப் போட்ட கல்லு இல்ல. நம்பாதவன் கிட்ட இருந்து ஆளக் காப்பாத்தப் போட்ட கல்லு. தள்ளி நில்லுங்க."

ஆறு பேரோட ஆடுனாவ. ஒரு புள்ளியில தோத்தாவ.

அவ்வளவுதான். ஆறு கேடயத்த அன்னைக்குச் சாயங்காலமே மறந்துட்டாவ நம்ம ஆளுங்க. நம்ம ஆளுங்கதான், வேற யாரு? அவரு வாசல்ல சாணியக் கரைச்சு ஊத்துனாவ. பிள்ளைக்கு வச்ச பேர மாத்துனவன்கூட உண்டுன்னு சொல்லுவாவ. முதலாளி அவர வேலைய விட்டு நிப்பாட்டுனாரு, ஊர விட்டே போகச் சொன்னாரு.

மறுநாள் துணி மூட்டையோட ஊரு எல்லைக்கு வந்தா, சித்திரை நிக்கான். "அண்ணாச்சி, எனக்கு என்னன்னு உங்க கிட்ட மட்டும் சொல்லிருதேன்."

"சொல்லாத" ன்னாராம் கொம்பையா. "நீ சொன்னா நாளைக்கு அடுத்தவனும் சொல்லணும்."

அந்தாலப் போனவருதான். எங்கன போனாரு, எங்கன செத்தாரு, யாருக்கும் தெரியாது.

அவரு தலை மறைஞ்சதும் முதலாளி, கல்லைக் கெணத்துல தள்ளுங்கன்னு கடப்பாரையோட ஆள அனுப்புனாரு. வந்து பாத்தா கல்லு மேல தங்கபுஷ்பம் உக்காந்திருக்கா. "உக்காந்தவள எழுப்பக் கூடாதுல்லா? எழுப்புங்க, பாப்போம்" ன்னாளாம். அவ பின்னாலயே அந்த ஆறு ஆட்டக்காரனும் வந்து நின்னானுவ. "கல்லு இல்லன்னா ஆட்டம் இல்ல" ன்னுட்டானுவ. கடப்பாரை திரும்பிப் போச்சு.

அன்னையில இருந்து இந்தக் களத்துல எவன் வந்து ஆடுனாலும் அதான் சட்டம். வெளியூரு செட்டும் மைக்குல இதக் கேட்டுட்டுத்தான் எறங்குது. கல்லுல உக்காந்துட்டா கூப்பிடக் கூடாது, கேக்கக் கூடாது.

சித்திரைக்கு என்ன வலின்னுதான உங்களுக்குத் தெரியணும்? உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சித்திரை எங்க பூட்டன். இன்னைக்கும் எங்க வீட்ட 'வித்தவன் வீடு' ன்னு முதுகுக்குப் பின்னால சொல்லுதவன் இங்கனயே நிக்கான், எனக்குத் தெரியும். நாலு தலைமுறையா அந்தப் பேரச் சுமக்கோம். எங்க வீட்டுலயும் அவரு சொன்னது கிடையாது. நாங்களும் கேட்டது கிடையாது.

நவுருங்க. இப்ப நான் உக்காந்துட்டேன். வண்டிக்காரன் வேணும்னா காத்துக் கெடக்கட்டும். எனக்கு என்ன வலின்னு மட்டும் எவனும் கேக்காதீங்க.