தோள் இறகு

"எல்லாம் புறாதானேம்மா? இதுல மலைப்புறா என்ன, ஊர்ப்புறா என்ன?"

"அப்படி இல்லக்கா. மலைப்புறா எல்லாம் சீருடை போட்ட மாதிரி இருக்கும். சாம்பல் உடம்பு, இறக்கையில ரெண்டே ரெண்டு கறுப்புக் கோடு. ஊர்ல சுத்துறது கூண்டுலேர்ந்து தப்பிச்சதுங்களோட வம்சம். பழுப்பு, வெள்ளை, எப்படி வேணா இருக்கும். சாம்பலா இருந்தாலும் ஏமாந்துடாதீங்க, தோள்ல..."

"போதும்மா. நான் என்ன பரீட்சையா எழுதப்போறேன்?"

மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது நானும் என் தம்பி மனைவியும் பேசிக்கொண்டது இது. மலைப்பாறைகளில் புறா எண்ணுவது அவள் வேலை. இதற்கெல்லாமா சம்பளம் என்று ஒருமுறை கேட்டேன். "உங்களோட இருக்கறதுக்கே தனியாத் தரணும்க்கா" என்று சிரித்தாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தது நான். அவனுக்கு இருமல் வந்தபோது, புறாத் தூசி அவன் நுரையீரலுக்கு ஆகாது, தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். அதிலிருந்து அவள் வேலை முடிந்து வந்தால், குளித்து உடை மாற்றிய பிறகுதான் அவன் பக்கம் போவாள். இருமல் நின்றது. கையோடு இருவரும் என் முன்னால் வந்து, தனிவீடு பார்த்துவிட்டோம் என்றார்கள்.

நான் சண்டை போடவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு மேலே ஊர்ப்புறாக்கள் அடையும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டி, மாவுச் சல்லடையில் சலித்து, தம்பியின் தலையணைக்குள் தூவினேன். அந்தச் சல்லடையை அப்புறம் சமையலுக்கு எடுக்கவில்லை. எனக்குச் சுத்தம் முக்கியம். யாராவது பிரித்துப் பார்த்தால் பழி அவள்மேல் போகட்டும் என்று சில இறகுகளையும் செருகினேன். எல்லாம் சாம்பல் நிறம். பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை.

இருமல் திரும்பி வந்தது. "நீ மலையிலேர்ந்து கொண்டுவர்ற தூசிதாம்மா" என்றேன். அவன் தேறும்வரை பிறந்தவீட்டில் இருக்கிறேன் என்று அவளே அழுதுகொண்டு கிளம்பினாள். ஆனால் தேறினால் அவன் அவளிடம் போய்விடுவானே. அதனால் சலிப்பதை நிறுத்தவில்லை. இரவெல்லாம் முதுகு நீவிவிட்டேன், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். எந்த அக்கா இவ்வளவு செய்வாள்?

மூச்சு முட்டி அவனை மருத்துவமனையில் சேர்த்தபோது, மாற்றுத்துணி எடுக்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையணையைத் தூக்கியவள், அதிலிருந்து தூசி பறக்கவும் உறையைப் பிரித்தாள். ஒரு சின்ன இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது தோள் இறகு. நுனியில கறுப்புத் திட்டு இருக்கு. என் மலைப்புறா எதுக்கும் தோள்ல கறுப்பே கிடையாதுக்கா."

பிறகு சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். அன்று அவளை முழுதாகச் சொல்ல விட்டிருக்கலாம்.

அவள் உங்கள் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மருத்துவமனைக்கு, தம்பியிடம் போய்விட்டேன். ஓடி ஒளியவில்லை, நீங்களே பார்த்தீர்கள். அவன் வாயில் குழாய் செருகியிருந்தார்கள். கண் மட்டும் திறந்திருந்தது. இத்தனை வருடமாக நாக்கு நுனியிலேயே நின்றதை அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதேடா."

அவன் மறுக்கவில்லை.