மருந்து கிளாஸ் தண்ணீர்

— அம்மா, துவைச்சதையெல்லாம் அப்புறம் மடிக்கலாம், இந்தப் போனைப் பாரு. வக்கீல் கேமராக்காரங்களோட மாதா கோயில் ஆபீஸுக்குள்ளயே போயிட்டான்.

— மூச்சு விட்டுப் பேசுடி. மூணு மாடி ஏறி வந்திருக்க, முதல்ல தண்ணியக் குடி. எந்த வக்கீல்?

— எலெக்ஷன்ல எங்க டீச்சரை எதிர்த்து நிக்கிறானே, அவன்தான். "நானும் கிறிஸ்தவப் பொண்ணுதான்"னு டீச்சர் ஒரு கூட்டத்துல சொல்லப்போக, அதைப் பிடிச்சுக்கிட்டான். ஓட்டுக்காகப் போட்ட வேஷமாம். ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல பேரைக் காட்டுங்கிறான். நாலு நாளா டிவியில இதே கூத்துதான்.

— காட்டிட்டுப் போக வேண்டியதுதானே.

— இருந்தாத்தானே காட்ட? டீச்சர் பொறந்த, வெள்ளம் வந்த வருஷத்துப் பக்கத்தையெல்லாம் ஃபாதர் புரட்டிட்டார். டீச்சர் பேர் இல்ல. அவங்க அம்மாவும் இப்ப உயிரோட இல்ல. அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லலைன்னா வேற ஆளை நிறுத்துறோம்னு கட்சியில சொல்லிட்டாங்க. டீச்சர் விலகுறேன்னு கடிதம் எழுதி மேஜை மேல வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

— ரெஜிஸ்டர்ல எப்படிடி இருக்கும்? அவளுக்கு ஊத்தினது கோயில்ல இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— ஊத்தினதே நான்தான்.

— என்னம்மா சொல்ற? நீ எங்க, ஞானஸ்நானம் எங்க? நம்ம வம்சத்துலயே சர்ச் வாசல் மிதிச்சவங்க கிடையாது.

— குறுக்கப் பேசாமக் கேளு. அப்ப நான் பிரசவ வார்டு நர்ஸ். உங்க டீச்சர் ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டா. உள்ளங்கை அளவுதான் இருந்தா, நீலம் பாரிச்சுப் போச்சு. சாமியாரைக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பினோம். பாலத்து மேல இடுப்பளவு தண்ணி, போனவன் திரும்பி வந்துட்டான். அவ அம்மா என் கையைப் பிடிச்சவ விடல. ஞானஸ்நானம் இல்லாம என் பிள்ளை போயிடக் கூடாது சிஸ்டர்னு கதறினா. நான் மருந்து கிளாஸை எடுத்துக் குழாய்ல பிடிச்சேன்.

— நீ ஊத்தினா செல்லுமா?

— உயிர் போற நேரத்துல யார் ஊத்தினாலும் செல்லும். எங்க மேட்ரன் ஒரு கன்னியாஸ்திரி. எந்த மதத்து நர்ஸா இருந்தாலும் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துடுவாங்க. கை கழுவுற தொட்டிக்கு மேல அட்டையே ஒட்டியிருக்கும். தலையில மூணு தடவை ஊத்தணும், பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு சொல்லணும்.

— அப்புறம் ஏன் ரெஜிஸ்டர்ல ஏத்தல?

— பிழைச்ச பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய்ச் சொன்னாத்தான் ஏத்துவாங்க. இவங்க வீடு வெள்ளத்தோட போச்சு, வேற ஊருக்குக் கிளம்பிட்டாங்க. ஆனா அவ பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும் அவ அம்மா வருஷா வருஷம் பொறந்த நாளுக்குக் கூட்டிட்டு வந்து என்கிட்ட காட்டிட்டுப் போவா.

— இவ்வளவு நாளா வாயத் திறக்கலியே, சரியான கல்லுளிமங்கி நீ.

— நீ நாலு நாளாக் கட்சி ஆபீஸே கதின்னு கிடந்த. நான் டிவியும் பாக்கிறதில்ல. சுவத்துக்கிட்டயா சொல்லுவேன்?

— சரி சரி, நீ பேசினதைப் பாதியிலேர்ந்து பதிவு பண்ணிட்டேன். ஃபாதருக்கு அனுப்பியாச்சு. கேட்டுட்டார், ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு. அம்மா, இங்க பாரு, லைவ்லயே உன் குரலைப் போடுறார். "இது செல்லும், திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு"ங்கிறார். டீச்சர் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு அழுறாங்களாம், மெசேஜ் வந்திருக்கு.

— அழட்டும். அவ அம்மாவை நினைச்சு அழுவா.

— இரு, இரு. வக்கீல் சிரிக்கிறான். "கோயிலுக்கே வராத நர்ஸு, குழாய்த் தண்ணி, மருந்து கிளாஸு, இதுக்குப் பேர் ஞானஸ்நானமா? அப்படி வாங்கினவங்க யாரும் கிறிஸ்தவங்களே இல்ல. எனக்கு பிஷப்பே வந்து, ஊரே கூடி நடந்துச்சு. ரெஜிஸ்டரைப் பிரிச்சுப் பாருங்க"ங்கிறான். பாவி, திரும்பவும் கவுத்துட்டானே.

— அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு. கேமராவைப் பாத்துச் சொல்லணும்.

— உனக்குக் கிறுக்கா? அவன் சொன்னதே போதாதா?

— அவனுக்கு என்ன வயசு?

— டீச்சர் வயசுதான். ரெண்டு பேரும் ஒரே மாசம்னு யாரோ சொன்னாங்க.

— ஒரே நாள்டி. அந்த வருஷம் பிஷப்பே வந்து நடத்தினது அவன் ஒருத்தனுக்குத்தான், நானும் கூட்டத்துல நின்னேன். எண்ணெய் பூசினார், வெள்ளை உடுப்பு போட்டார், மெழுகுவத்தி கொளுத்தினாங்க. தண்ணி மட்டும் யாரும் ஊத்தல.

— ஏன் ஊத்தல?

— ஒரு தடவை ஊத்தினவங்களுக்கு மறுபடி ஊத்தக் கூடாது, அதான் சட்டம். ஃபாதர் கையில ரெஜிஸ்டர் இருக்கில்ல? வக்கீல் பேர் இருக்கிற வரியைக் கடைசிக் கட்டம் வரைக்கும் சத்தமாப் படிக்கச் சொல்லு. குறிப்புன்னு போட்டு அங்க என் பேர் இருக்கும். பக்கத்துத் தொட்டில்ல அன்னைக்கு அவனும் நீலம் பாரிச்சுத்தான் கிடந்தான், கிளாஸ்ல பாதித் தண்ணி மிச்சம் இருந்துச்சு.