சிவப்பு ஏரியை நீலமாக்கிய மார்லிஸ் ஹாக்கன்சன் அவர்களுக்கு

கேட்பவர் எவரும் ஒரு சொல்லைக்கூடத் தவறாக விளங்கிக்கொள்ள முடியாத மடல் ஒன்று மண்ணுலகில் உண்டென்றால், அது இம்மடலே!

டுலூத் நகரின் பெருமிதமே! பார்ப்பவர் மனம் படித்த பேரறிவே! கடலின் உப்பையும் காற்றின் போக்கையும் நிலத்தின் நடுக்கத்தையும் நம் அருங்காட்சியகத்தில் நாங்கள் வண்ணப் படங்களாக்கி மாட்டுந்தோறும், கையில் அட்டையும் காதில் பென்சிலுமாக அவற்றின் அருகே நின்று, "இதுல உங்களுக்கு என்ன தெரியுது?" என்று வருவோரையெல்லாம் இருபத்தாறு ஆண்டுகள் வினவிய வித்தகரே!

வினவியபின் வாய் திறக்க மாட்டீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுவீர்கள். பதில் வந்ததும் சரியென்றோ தவறென்றோ சொல்லாமல், "வேற?" என்பீர்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சிப் பள்ளி ஆசிரியர்கள் பின்வாசலைத் தேடியதுண்டு.

நாங்கள் ஏளனம் செய்ததையும் மறைப்பதற்கில்லை. "மார்லிஸ், சுவத்துகிட்டயும் கேட்டுப் பாத்தீங்களா? அதுவும் பத்து வரைக்கும் வாயே திறக்காது" என்று படப்பிரிவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. குரல் என்னுடையது.

"கேட்டேன், கோல்பி. உன் படம் மாட்டாத இடத்துல அது தெளிவாத்தான் இருக்கு" என்றீர்கள், முகம் மாறாமல்.

மூன்று கோடைகளுக்கு முன் நம் சுப்பீரியர் ஏரியின் வெப்பப் படத்தை வரைந்தேன். குளிர் மிகுந்த இடம் நீலம், குளிர் சற்றே குறைந்த இடம் சிவப்பு. "கைக்குழந்தைக்கும் புரியும்" என்று மார்தட்டினேன். திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில், முன்னோட்டம் பார்க்க அயோவா மாநிலத்திலிருந்து ஒருவர் இரு பிள்ளைகளுடன் வந்து நின்றார்.

"கரையோரம் செக்கச்செவேல்னு இருக்கே. தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்போல."

"வேற?"

"வேற என்னங்க? டேய் பசங்களா, துண்டை எடுங்கடா, குதிக்கலாம்!"

ஜூலையிலும் இடுப்பளவு இறங்கினால் மூச்சடைக்கும் ஏரி அது. நீங்கள் ஓடி நாங்கள் கண்டது அன்று ஒருநாள்தான். வண்டி நிறுத்துமிடம் வரை ஓடிப்போய் அவர்களைத் தடுத்தீர்கள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அட்டையை என் மேசையில் வைத்தீர்கள். கேட்ட முப்பது பேரில் பத்தொன்பது பேர் நீந்தலாம் என்றிருந்தார்கள். நான்கே நாளில் என் ஏரி முழுதும் நீலமாயிற்று: அடர்நீலம் முதல் வெளிர்நீலம் வரை.

பணி ஓய்வில் உடல் நலமும் உள்ளக் களிப்பும் ஓங்க, ஏரியின் குளிரை எட்ட நின்றே ரசித்து, நூறாண்டு கண்டு வாழிய நீடு!

நேற்று மாலை இம்மடலை வாயிற்காவலர் ஆர்விட்டுக்கு வாசித்துக் காட்டினேன். "இதுல உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன்.

ஏழில் சொன்னார்: "அந்தம்மா போறது உனக்குத் தாங்கலைடா."

சரியென்றோ தவறென்றோ நான் சொல்லவில்லை.

"வேற?" என்றேன்.

ஏரிக்கரை அருங்காட்சியகப் பணியாளர் அனைவர் சார்பில்,
கோல்பி நிஸ்கனென்,
படப்பிரிவு