இரண்டு விரற்கடை வெளிச்சம்

இரவு பதினொன்று இருபது. நீர்த்தேக்கத்தை ஒட்டி ஏழு கிலோமீட்டர் சாலை. ஒரு தெருவிளக்கு கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்காடு. நடுவில் ஒரு வளைவு. வளைவில், கதவில்லாத பழைய பம்ப் ஹவுஸ்... அவ்வளவுதான் அந்தச் சாலை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது. என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. பல் செட் செய்வது அவர் தொழில். ஒரே ஒரு பல்லை அரைமணி நேரம் ராவுகிற ஆள். வீட்டில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். சித்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வெளியே வருவார். தினமும் போய் அழைத்து வருவது சித்தப்பாதான்.

வண்டி இருபது வருடப் பழைய சொகுசுக் கார். மூன்று கை மாறி வந்தது. தோல் சீட், மரம் பதித்த டாஷ்போர்டு, கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுகிற கனம்... எல்லாம் ராஜ மரியாதை. ஹெட்லைட் மட்டும் பல் தேய்க்காதவன் பல் மாதிரி மஞ்சள். எத்தனை பாலிஷ் போட்டும் தேறவில்லை. ஒரு ராத்திரி சைக்கிளில் போனவர் மீது ஏற்ற இருந்தார். மயிரிழையில் தப்பியது.

"நாளைக்கு லைட்டை மாத்துறீங்க. இல்லன்னா நான் ஆஸ்பத்திரி வேன்லயே வந்துக்கிறேன்" என்றார் சித்தி.

அந்த மனுஷனுக்குச் சித்தி என்றால் உயிர். தன் கையாலேயே அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஆடிப்போய்விட்டார். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

மெக்கானிக்கிடம் விட மனசில்லை. வீட்டு ஷெட்டிலேயே பேட்டரி ஒயரைக் கழற்றி, பம்பரைப் பிரித்து, பழைய ஹெட்லைட் இரண்டையும் எடுத்துவிட்டு, லென்ஸ் வைத்த புது விளக்குகளைப் பொருத்தினார். இந்த விளக்கில் ஒரு விசேஷம். பழையது மாதிரி வெளிச்சம் கலங்கிப் பரவாது. சுவரில் அடித்தால் மேல் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடாக நிற்கும். கோட்டுக்குக் கீழே பகல், மேலே இருட்டு.

அந்தக் கோட்டைச் சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு வண்டி காலியாக இருக்க வேண்டும். பின்சீட்டில் பாரம் இருந்தால் பின்பக்கம் தாழும், மூக்கு தூக்கும், கோடும் மேலே போய்விடும். சித்தப்பா குடையைக்கூட விடாமல் வெளியே எடுத்து வைத்தார். ஓட்டுகிறவர் எடைக்கு ஈடாக, பல் அச்செடுக்கும் மாவு மூட்டைகளை நிறுத்து முன்சீட்டில் அடுக்கினார். எதிர்ச் சுவரில் நீல டேப் ஒட்டினார். திருகைத் திருகித் திருகி, கோட்டை டேப்பின் மேலேயே கொண்டுவந்து உட்காரவைத்தார். இம்மி பிசகில்லை.

அன்றிரவே கிளம்பிவிட்டார். தனியாக. வெளிச்சம் அபாரம். சாலையோரக் கூழாங்கல்கூடத் தெரிகிறது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாராம்.

பம்ப் ஹவுஸ் வளைவு. வேகத்தைக் குறைத்தார்...

பின்னால் தோல் சீட் 'கிர்ர்க்' என்றது.

யாருடா அது நாற்காலியை ஆட்டுவது? சும்மா இருங்கள்.

வண்டி லேசாக மூக்கைக் கவிழ்த்தது. பின்பக்கத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி. அதோடு கோடும் இறங்கியது. தூரத்தில் நின்றுகொண்டிருந்த இருட்டு சட்டென்று கிட்டே வந்துவிட்டது. திருகு கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தார். ஆஸ்பத்திரி மதிலுக்கு எதிரே, ஷெட்டில் இருந்த அதே தூரத்தில் வண்டியை நிறுத்தி அளந்தார். டேப் இருந்த உயரத்துக்கு இரண்டு விரற்கடை கீழே. திருகை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

சித்தி வந்து முன்சீட்டில் ஏறினார். "இதுதான் புது லைட்டா? பழசே தேவலை போலிருக்கு."

சித்தப்பா வண்டியை எடுத்தார். மெதுவாக ஓட்டினார். பம்ப் ஹவுஸ் வந்தது.

'கிர்ர்க்.'

பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கதவு எதுவும் திறக்கவில்லை... ஆனால் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் அமிழுமே, அப்படி. பாசி பிடித்த தண்ணீர் வாசனை. கோடு உயர்ந்தது. சாலை நீண்டது.

"ம்... இப்ப நல்லா தெரியுது" என்றார் சித்தி.

கண்ணாடியில் பின்னால் பார்க்கச் சித்தப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. வீடு வந்ததும் சித்தியை உள்ளே அனுப்பினார். மாவு மூட்டைகளைத் தன் சீட்டில் வைத்துவிட்டு, விளக்கைப் போட்டுச் சுவரைப் பார்த்தார்.

கோடு டேப்பின் மேல் இருந்தது. இம்மி பிசகில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேலையில் தப்பே இல்லை. சாயங்காலம் இதே ஷெட்டில் அளந்து நிறுத்தினாரே... அப்போதே வண்டி காலியாக இல்லை. புது விளக்கு எதையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. எத்தனை நாளாகவோ கூடவே வந்துகொண்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். விளக்கை அணைக்காமலே ஷெட்டைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

மறுநாள் மதியம் சித்தி வேலைக்குக் கிளம்பும்போது வழியை மறித்தார். "நீ இனிமே அந்த வண்டில ஏறக் கூடாது." ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். சித்தி சிரிப்பார் என்று நினைத்தார். திட்டினால்கூடத் தேவலை என்று நினைத்தார். சித்தி சிரிக்கவில்லை.

"அப்ப அந்த பெல்ட்டு?"

"எந்த பெல்ட்டு?"

"சீட் பெல்ட்டுங்க. நான் ஏறி உட்கார்ந்ததும் தோளுக்குப் பின்னாடியிலிருந்து கைக்கு வந்து நீளுமே... பெரிய வண்டி, இந்த வசதியெல்லாம் இருக்கும்னு நெனச்சேன். நானா ஒருநாளும் திரும்பி எடுத்ததே இல்ல. நேத்து ஆஸ்பத்திரி வாசல்லதான் வரல."

அந்த வண்டியில் அப்படி ஒரு வசதி கிடையாது. வண்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்தவர் அவர். அவருக்குத் தெரியாதா?

சித்தியின் கை தானாகத் தோளுக்குப் போனதாம். அங்கேயே நின்றதாம்.

"நேத்து நானே இழுத்ததால முறுக்கிப் போட்டுக்கிட்டேன். அந்த வளைவு தாண்டினதும்... முறுக்கைப் பிரிச்சு, தோள்ல நீவி விட்டது நீங்கதானே?"

சித்தப்பா கை இரண்டையும் வீடு வரும்வரை ஸ்டியரிங்கைவிட்டு எடுக்கவே இல்லை.