கிளறன்ஸின் துப்பாக்கிக் கரி

துப்பாக்கிக் கரியை வெறும் மண்ணெண்ணெயில் துடைப்பவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. டர்பன்டைனும் கலந்து ஊறவிட வேண்டும். கண்டியில் துப்பாக்கி வேலைக்கு இந்த யாகப்பரை விட்டால் ஆளில்லை என்று துரைமாரே சொல்வார்கள்.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் கிளறன்ஸ் தன் துப்பாக்கியை என் கடைக்குக் கொண்டுவந்தான். "இழுத்தா வெடிக்க மாட்டேங்குது அண்ணே. பன்றித் தொல்லை தாங்கல," என்றான். கழற்றிப் பார்த்தேன். தோட்டாவைக் குத்தும் ஊசியைச் சுற்றிப் பழைய எண்ணெயும் கரியும் இறுகிக் கிடந்தன.

மறுநாள் அவன் மனைவி பெற்றீசியா தனியாக வந்தாள்.

"பன்றின்னு பொய் சொல்றாரு அண்ணே. மேபல் போனதிலிருந்து மனுசன் மனுசனா இல்ல. துப்பாக்கியத் தன் மேலேயே திருப்பிட்டாரு. மாதா புண்ணியத்துல வெடிக்கல. ஒளிச்சு வச்சா வேற வழி தேடுவாரு. வெளியே மட்டும் பளபளன்னு ஆக்கிக் குடுங்க. உள்ளே அந்தக் கரியத் தொடாதீங்க."

மேபல் அவர்களுடைய ஒரே மகள். காய்ச்சலில் போனாள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நான்தான். அவளை அடக்கம் செய்த அன்று நான் அழுதது பொய்யில்லை. பிள்ளையைப் பார்க்கத்தான் அந்த வீட்டுக்கு அடிக்கடி போகிறேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா, தொடமாட்டேன்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குமுன் அவள் என்னைத் தொட்டதே இல்லை.

அவள் போனபின் ஊசியைக் கழற்றி ஊறப்போட்டேன். குச்சியில் துணி சுற்றி, அது வெள்ளையாக வரும்வரை ஊசி ஓடும் துளையைத் துடைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஊசி தாராளமாக ஓடியது. கிளறன்ஸ் வாங்க வந்தபோது, "இனிமே ஏமாத்தாது தம்பி," என்றேன். அவன் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். "நல்லது அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெற்றீசியா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தபோது வீட்டில் வெடித்தது.

தன்னைத்தானே கொன்றவன் என்று பங்குச் சுவாமி சவக்காலைக்குள் புதைக்க இடம் கொடுக்கவில்லை. மகள் உள்ளே, அப்பன் வேலிக்கு வெளியே. அவள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் அழுகிறாள். அவள்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. மாதா கைவிட்டுவிட்டாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பொலிஸுக்கு நானாகத்தான் வந்தேன்.

கொலை என்றே எழுதுங்கள். விசையை இழுத்தவன் அவன். சாகட்டும் என்று நினைத்துத் துடைத்தவன் நான். அப்படி எழுதினால் சுவாமி மனமிரங்கி அவனை மகள் பக்கத்துக்கு மாற்றக்கூடும். பெற்றீசியாவுக்காக வேறு யார் இவ்வளவு செய்வார்கள்? அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கோபப்படுவாள், அழுவாள், பிறகு என் மனசு அவளுக்குப் புரியும். துக்க வருஷம் முடியட்டும், ஐயா. எனக்கு அவசரமில்லை.