கூரை நீங்கலாக

பெயர் சலாசியா, தகப்பனார் பெயர் குர்சானி (காலமாகிவிட்டார்), வயது ஐம்பத்து மூன்று, தொழில் மிதவைச் சந்தையில் படகிலிருந்து பலகாரம் விற்பது, முகவரி மார்த்தபுரா ஆற்றங்கரை, சுங்கை ராம்பை கிராமம், தெற்குக் கலிமந்தான். வீட்டுக் கூரையைத் திருடிக்கொண்டு போனதாக மஸ்தாரி என்பவர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் அலுவலர் விசாரித்தபோது நான் சொன்னதாவது:

முகவரியிலேயே எனக்குக் குழப்பம் இருக்கிறது. பழைய வீட்டை விற்றுவிட்டேன். என் தங்கை கொடுத்த துண்டு நிலத்தில் கட்டிய சின்ன வீட்டுக்கு இன்னும் எண் போடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நூறு துடுப்பு தூரம்கூட இருக்காது, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் இறந்த பிறகு பெரிய வீட்டில் தனியாக இருந்தேன். மூட்டுவலியால் படியேற முடியாமல் வீட்டையும் மனையையும் பதினெட்டுக் கோடி ரூபியாவுக்கு விற்பதாகச் சொல்லி வைத்தேன். அதன் பிறகு மார்த்தபுரா நகரில் வைரமும் மற்ற கற்களும் வாங்கி விற்கும் மேற்படி மஸ்தாரி வீடு பார்க்க வந்தார். முகட்டில் ஒழுகுகிறது என்று நானே முதலில் சொன்னேன். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே வைத்திருந்த அலுமினியப் பாத்திரத்தைக்கூட எடுத்து ஒளிக்கவில்லை. குறையைச் சொல்லி விற்பதுதான் எங்கள் ஆற்றில் வழக்கம்.

அவர் டார்ச் அடித்துக் கூரையை உள்ளிருந்து பார்த்தார். கல்லில் கீறல் தேடுகிறவர் அல்லவா, விட்டத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாகத் தேடினார். அதன் பிறகு ஏணி போட்டு மேலே ஏறினார். ஓர் இடத்தில் அவருடைய கால் உள்ளே போய்விட்டது. முழங்காலில் ரத்தமும் முகத்தில் சந்தோஷமுமாக இறங்கி வந்தார். மருந்து போட மஞ்சள் கொண்டுவந்தேன். அதை வாங்கிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அக்கா, இது கூரையா, சல்லடையா? கைமரம் பூரா கரையான். ஆணியெல்லாம் துரு. இதக் கழட்டிப் போடற கூலிக்கே நான் ஒரு கல்ல விக்கணும்."

"ஓடு உலின் மரப்பலகை தம்பி, இரும்பு மாதிரி. எங்கப்பா போட்டது. ஓட்டுக்கு ஒண்ணும் ஆகல, கீழ இருக்கிற கட்டைதான் போச்சு."

"உலினோ என்னவோ, எனக்கு அது வெறகு. நான் எப்படியும் தகரந்தான் போடப் போறேன்."

அதன் பிறகு கைமரத்துக்கு என்று ஒரு தடவை, முகட்டுக்கு என்று ஒரு தடவை, கழற்றும் கூலிக்கு என்று ஒரு தடவை விலையை இறக்கினார். சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு நான் அரை மணி நேரம் வாயாடுவேன். அன்றைக்கு வாய் வரவில்லை. அப்பா போட்ட கூரையை விறகு என்று சொன்னதில் எனக்குக் கோபம் வந்து, கோபத்திலேயே பதினான்கு கோடிக்கு ஒத்துக்கொண்டேன். கூரைக்காக மட்டும் நான்கு கோடி குறைந்தது.

அதன் பிறகு பக்கத்து வீட்டு பஹ்ரான் மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். எங்கள் பஞ்சார் மக்களிடம் ரசீது எத்தனை இருந்தாலும் விற்றவரும் வாங்கியவரும் வாயால் சொன்னால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். நான், "உள்ளது உள்ளபடி வித்தேன்" என்றேன். அவர், "வீட்ட வாங்கினேன். மாமா, நல்லாக் கேட்டுக்குங்க, கூரைய நான் கணக்குலயே சேர்க்கல" என்றார். பஹ்ரான் மாமா தலையாட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அவர் வாங்கினேன் என்று சொல்லாத பொருள் யாருடையது? பஹ்ரான் மாமாவிடம் கேட்டேன். "அவன் கணக்குல இல்லேன்னா உன் கணக்குலதானே இருக்கணும், எடுத்துக்கோ" என்றார். இப்போது போய்க் கேட்டால், "அப்படியா சொன்னேன்? வெத்தலை போட்டுட்டு ஏதாச்சும் சொல்லியிருப்பேன்" என்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. எடுத்தது நான்தான்.

அதன் பிறகு என் தங்கை புருஷனும் அவருடைய ஆட்களும் வந்து ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டார் படகில் ஏற்றினார்கள். பகலில், ஊர் பார்க்கத்தான் நடந்தது. உளுத்த கட்டைகளை அடுக்கி விறகாக்கி மஸ்தாரிக்கே வைத்தேன், விறகு என்று அவர்தானே சொன்னார். ஓடுகளைப் புதுக் கட்டையில் அடித்து என் சின்ன வீட்டுக்குப் போட்டோம். அதன் பிறகு பழைய வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். அவர் குடிவரும் நாளில் சாவியோடும் ஒரு தட்டு முட்டைப் பணியாரத்தோடும் வாசலில் காத்திருந்தேன். திருடியவள் பலகாரம் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

படகிலிருந்து கட்டில், பீரோ எல்லாம் இறங்கின. அவர் உள்ளே போனார், அண்ணாந்து பார்த்தார், வெளியே வந்தார்.

"அக்கா, கூரை எங்க?"

"கழட்டியாச்சு தம்பி. உங்களுக்குக் கூலி மிச்சம்."

"யாராச்சும் கூரையில்லாம வீடு விப்பாங்களா?"

"யாராச்சும் கூரையில்லாத வெலைக்கு வீடு வாங்கிட்டுக் கூரை கேப்பாங்களா?"

அவருடைய மனைவி நூர்ஹிதாயா நிறைமாத கர்ப்பிணி. அந்தப் பெண் கத்தவில்லை. உள்ளே நடுக்கூடத்தில் நின்று வானத்தைப் பார்த்து, "டார்ச்ச வச்சுக்கிட்டு ஓட்டை தேடினீங்களே, இப்பத் தேடுங்க" என்று புருஷனிடம்தான் சொன்னாள். அதற்குள் தூறல் போட்டது. அரிசி மூட்டைமேல் தன் பாயை எடுத்துப் போர்த்தினாள். அதைப் பார்க்கும்வரை நான் சரியென்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதன் பிறகு சரியா தப்பா என்று தெரியவில்லை. என் வீட்டில் வந்து தங்கும்படி அவளைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குப் புறப்பட்டாள். அவர்தான், "எந்தக் கூரைக்குக் கீழ போய்ப் படுக்கப் போறே, யோசிச்சியா?" என்று கேட்டுத் தடுத்து, அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகு இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

பள்ளிவாசலில் கேட்டேன். ஒருவர் கூரை என்னுடையது என்றார், இன்னொருவர் கூரையில்லாதது வீடே இல்லை என்றார். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. சந்தையில் என் படகு வந்தாலே சிரிப்புதான். முந்தாநாள் ஒருத்தி பணியாரம் வாங்கிவிட்டு, "அக்கா, மேல் பக்கமும் சேர்த்துத்தானே?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு படகைத் திருப்பிக்கொண்டு வந்து அழுதேன். முப்பது வருஷமாக நான் விற்றேன் என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் வாங்கினேன் என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறேன். அது போய்விட்டால் கூரை இருந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே எடுத்தீர்களா என்று அலுவலர் கேட்டார். யாருடையது என்று தெரிந்திருந்தால் இங்கே உட்கார்ந்து இப்படி விழித்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகு அவர், காணாமற்போன கூரையின் மதிப்பு ஆறு கோடி ரூபியா என்று புகாரில் இருப்பதாகச் சொன்னார். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆறு கோடிதான். விறகு எப்படி ஆறு கோடி ஆனது என்று எனக்கு விளங்கவில்லை. அலுவலருக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், பேனாவை மூடி மூடித் திறந்தார்.

நான் என் முடிவைச் சொன்னேன். பிள்ளை பெறப் போகிறவள் தலைக்குமேல் கூரை வேண்டும். என் செலவிலேயே ஓடுகளையெல்லாம் கழற்றிக் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்கிறேன், ஒரு காசும் வேண்டாம். அந்தக் கூரை என்னுடையதாகத்தான் இருந்தது, நான் எடுத்தது திருட்டு இல்லை என்று மஸ்தாரி தன் வாயால் சொன்னால் போதும் என்றேன். அலுவலர் வெளியே பெஞ்சியில் இருந்த மஸ்தாரியை உள்ளே அழைத்து, நான் சொன்னதைச் சொல்லி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

காசு வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "கழட்டி மாட்டினதுல பாதி ஓடு விரிசல் விட்டிருக்கும் அக்கா. முதல்ல உங்க வீட்டு மேல ஏறிப் பாக்கறேன். பாத்துட்டு, என்ன வெலைக்குக் குடுப்பீங்கன்னு பேசிக்கலாம்" என்றார்.

இதை அவர் சொன்னபடியே எழுதும்படி அலுவலரைக் கேட்டுக்கொண்டேன், எழுதியிருக்கிறார். தன் சொந்தப் பொருளுக்கு யாரும் விலை கேட்பதில்லை என்பது எங்கள் சந்தையில் குழந்தைக்கும் தெரியும். விற்பேனா மாட்டேனா என்று நான் இன்னும் சொல்லவில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது. என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், உள்ளது உள்ளபடி இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) சலாசியா