ஆயுளுக்கும் ஓர் ஆட்டம்

பெரம்பலூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். என் பத்திரங்களில் அடித்தல், திருத்தல், இடைச்செருகல் எதுவும் இராது. இதையும் நானே எழுதித் தருவதாகச் சொன்னதற்கு அதுவே காரணம். தங்கள் ஏட்டையா எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை வாசித்தேன், ஐயா. 'விளையாட்டில் மூழ்கியிருந்த கவனக்குறைவால்' என்று அதில் ஒரு தொடர் இருக்கிறது. அதற்குக் கீழே என்னால் கையொப்பமிட இயலாது.

கொளஞ்சியப்பன் என் மனைவி லீலாவதியின் தம்பி. முப்பத்தொரு வயதுக்குள் அரியலூரில் சைக்கிள் கடை, ஜெயங்கொண்டத்தில் லாரி, பிறகு குவைத். எதிலும் நிலைத்ததில்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வான். இந்தச் சித்திரையில் விடுமுறைக்கு வந்தபோது உள்ளங்கையளவு வீடியோ கேம் பெட்டிகள் நான்கு கொண்டுவந்தான். பெட்டிக்கு ஓர் ஆட்டம். நான்கையும் மாற்றி மாற்றி ஆடுவான்; ஒன்றிலும் நூறைத் தாண்டமாட்டான்; தோற்றதும் சிரிப்பான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கேட்டான்: "மாமா, ஆயுசுக்கும் ஒரே ஆட்டந்தான் ஆடணும்னு சொல்லிட்டா எத எடுப்பீங்க?"

"ஒன் மாமா பத்திரம் எழுதுறதத்தான் எடுப்பாரு" என்றாள் லீலாவதி. இருவரும் சிரித்தார்கள். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

நான்கையும் முறையாக ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தேன். தீப்பற்றிய மாடியிலிருந்து ஆட்கள் குதிப்பார்கள். கீழே இருவர் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை இடமும் வலமும் நகர்த்தி, விழுபவரைத் தாங்க வேண்டும். தாங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் ஏறும். மூவர் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெட்டிக்கு எண்ணத் தெரியாது. ஆகவே, ஒருவரையும் தவறவிடாமல் அந்த எண்ணை அடைவதே முழுமை. என் முடிவைச் சொன்னபோது, "சும்மா கேட்டேன் மாமா, இதப் போயி…" என்றான். விடையை மதிக்கத் தெரியாதவன் வினாவைத் தொடக் கூடாது. மற்ற மூன்று பெட்டிகளை அதன்பின் நான் கையால் தீண்டவில்லை.

ஆனியில், குவைத்துக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், அதே பெட்டியை அங்குள்ள நண்பன் கேட்டிருப்பதாகச் சொன்னான். "வேற ஒண்ணு வச்சுக்கங்க மாமா. எல்லாம் ஒண்ணுதானே."

ஒன்றையும் முடிக்காதவர்களே எல்லாவற்றையும் ஒன்றென்பார்கள். அதுவரை நான் எட்டியது தொள்ளாயிரத்து நாற்பது. எனக்கு எஞ்சியிருந்தது அந்த ஒரு பகல்.

அன்று காலை, குரும்பலூரிலுள்ள எங்கள் கிணற்றுக்குள் ஆயில் என்ஜினை இறக்கித் தண்ணீரை இறைத்திருந்தோம். அடியில் குழாயை அடைத்திருந்த சேற்றை எடுக்க வேண்டும். என்ஜின் ஓடிய கிணற்றில் புகை தங்கும். ஒருநாள் ஆறவிட்டே இறங்குவது வழக்கம். அதைச் சொன்னேன். "பொகதானே" என்றான் கொளஞ்சியப்பன்.

இறங்குபவன் உடம்பில் கயிறு கட்டப்படும். அவன் ஒருமுறை இழுத்தால் தளர்த்த வேண்டும். இரண்டு முறை இழுத்தால் தூக்க வேண்டும். மேலே இருப்பவன் ஓயாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் நின்றாலும் தூக்கிவிட வேண்டும். அடுத்த வயல் வீரமுத்துவும் நானும் உருளையில் கயிற்றைப் போட்டு அவனை இறக்கினோம். கயிற்றை வேம்பில் கட்டியபின், கூப்பிட்டால் வருவதாகச் சொல்லி வீரமுத்து களையெடுக்கப் போனான். கயிறு என் தொடைமீது கிடந்தது. பெட்டியை எடுத்தேன்.

பேச்சுக் கொடுத்தவன் அவன்தான். "எத்தினி ஆச்சு மாமா?"

அறுநூற்றுப் பத்து என்றேன். சற்றுக் கழித்து மீண்டும் கேட்டான். எண்ணூற்று நாற்பது. மூன்றாம் முறை கேட்கவில்லை.

முதல் இரட்டை இழுப்பு வந்தபோது எண் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அதன் பொருள் எனக்கு விளங்கியது. அடுத்தது தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், வலுவாக இருந்தது. தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் வந்தது ஒற்றை இழுப்பு. தளர்த்தச் சொல்லியிருக்க மாட்டான் என்பதையும் அறிவேன். வீரமுத்து கூப்பிடு தூரத்தில் குனிந்திருந்தான். நிமிர்ந்து ஒரு குரல் கொடுக்க ஒரு கணம் போதும். அந்தக் கணத்தில் விரிப்பு நகராது. ஒருவன் தரையில் விழுவான்.

முழு எண் வந்தபின் பெட்டியைத் துடைத்து உறையிலிட்டேன். பிறகு வீரமுத்துவைக் கூப்பிட்டேன். தூக்கியபோது கொளஞ்சியப்பனின் விரல்கள் கயிற்றிலேயே இருந்தன.

"அவன் கூப்புடலயா?" என்று லீலாவதி ஒரே ஒருமுறை கேட்டாள். கூப்பிட்டான் என்றேன். மறுநாள் அவள் தங்களிடம் வந்து, நான் கொன்றுவிட்டதாகச் சொன்னாளாம். ஏட்டையா எனக்காக இரங்கி அந்தத் தொடரை எழுதியிருக்கிறார். அருள்கூர்ந்து அதை நீக்கிவிடுங்கள். கயிற்றின் ஒவ்வோர் அசைவையும் நான் கவனித்தேன்; கவனித்தே இருந்தேன். பெட்டி தங்கள் மேசைமீதுதான் இருக்கிறது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர், ஐயா. அவர்களில் ஒருவரைக்கூட நான் சாகவிடவில்லை.